காம்பஸ் டீச்சர்

ஜூன் 11, செவ்வாய்

மூன்றாவது பீரியட், ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் வட்டம் போட்டேன். முனைகள் சேரவில்லை.

பெரிய இடைவெளி இல்லை, ஒரு விரல் நுழையும் அளவுதான். ஆனால் பிள்ளைகள் என்னைக் காம்பஸ் டீச்சர் என்று கூப்பிடுவதே (என் முதுகுக்குப் பின்னால்தான், எனக்குத் தெரியாது என்று நினைப்பு) காம்பஸைத் தொடாமல் தோளை ஒரு சுற்றுச் சுற்றி வட்டம் போடுவதால்தான். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. நானே வாயைக் கொடுத்தேன். "வெயில் கண்ணைக் கூசுது" என்று சொல்லி, அவசரமாக டஸ்டரால் துடைத்துவிட்டு, வேறு கணக்குக்குத் தாவிவிட்டேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளைதான் காப்பியடித்த பிள்ளை. அப்படித்தான் நான் கண்டுபிடிப்பேன்.

சாக்பீஸ் சரியில்லை என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். சாக்பீஸ் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

டீ கொண்டு வரும் அக்கா எப்போதும் விளிம்பு வரை ஊற்றுவார். "குறைச்சு ஊத்தினா டீச்சருங்க என்னைக் கஞ்சம்னு சொல்லுவீங்க" என்பார். இன்று ஆசிரியர் அறையில் டம்ளரைத் தூக்கியதும் வலது கை தன் வேலையைக் காட்டிவிட்டது. டீ தளும்பி, அறிவியல் டீச்சரின் விடைத்தாள் கட்டின் மேல் கொட்டியது. "பரவாயில்ல, மேல இருக்கிறது பெயிலான பேப்பர்தான்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம், டீயையே விட்டுவிட்டேன், நெஞ்செரிச்சல் என்று அறைக்கே அறிவித்தேன். டீ உள்ளே போகாமல் வாயைத் திறக்காதவள் நான். நம்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் வீட்டுக்காரரிடம் டீ கேட்டேன். சாயங்கால டீ எங்கள் வீட்டில் அவர் பொறுப்பு. இவருக்கும் வரவரக் கை சுருங்கிவிட்டது, அரை டம்ளர்தான் தருகிறார். கேட்டால், "திரும்ப வேணும்னா ஊத்தறேன்" என்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன், ஏற்றுகிற எடையைக் குறைத்தே பழக்கம் போலிருக்கிறது.

அப்பாவுக்கும் கையில்தான் ஆரம்பித்தது.

எழுதிவிட்டேன். எழுதாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடுமா? பேப்பர் படித்து முடித்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். தொடைமேல் கிடக்கும் கையில் கட்டைவிரல் மட்டும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். டம்ளரை நீட்டினால் அது நின்றுவிடும், ஒழுங்காக வாங்கிக் குடிப்பார். அதனால் நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு கால் இழுத்தது. பிறகு முகம் இறுகி, சிரிக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. கடைசியாகப் பேச்சு. ஸ்பூனால் ஊட்டும்போது என்னையே பார்ப்பார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியாது.

அவருக்குத் தொடங்கிய வயதை நான் நெருங்கிவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

தலைமையாசிரியை கூட்டம் போட்டார். எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு மாட்டியாகிவிட்டது, இனி யாரும் அதன்மேல் அட்டவணை ஒட்டி வைக்கக் கூடாது, பாடங்களைக் கம்ப்யூட்டரில் தயாரிக்கப் பழக வேண்டும் என்றார். பள்ளி முடிந்ததும் கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லிக்கொடுப்பாராம். அவரை நாங்கள் சின்ன டீச்சர் என்போம். எங்களில் பலருக்கு மகள் வயது.

"முதல்ல யார் வர்றீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் கூட்டத்தில் தரையைப் பார்ப்பதில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் இன்று கை தூக்கினேன். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "நீங்களா டீச்சர்? போன்ல போட்டோ அனுப்பவே அடுத்தவங்களைத் தேடுவீங்களே" என்றார் அறிவியல் டீச்சர்.

"கத்துக்கறதுக்கு வயசு இருக்கா என்ன" என்று சொல்லி வைத்தேன். கை தட்டினார்கள். நான் தூக்கியது இடது கை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கரும்பலகையில் எழுதாமல் தப்பிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம். தலைமையாசிரியைதான் வருடா வருடம் யார் இருக்கலாம், யாருக்குச் சால்வை போட்டு அனுப்பலாம் என்று முடிவு செய்கிறவர். கணக்கு டீச்சருக்குக் கோடு போட வரவில்லை என்று அவர் காதுக்குப் போனால்?

ஜூலை 3, புதன்

மவுஸைக் கண்டுபிடித்தவனுக்கு என் மேல் என்ன கோபமோ. அம்பு திரையில் தவளை மாதிரி குதிக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு ஏதேதோ திறக்கிறது. சின்ன டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எனக்கு அக்குளெல்லாம் வியர்த்தது.

"டென்ஷன் ஆகாதீங்க டீச்சர். புதுசா பிடிக்கிறவங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஆடும்."

எல்லாருக்குமா? நிஜமாகவா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் நினைவுக்கு வந்தது, சாக்பீஸ் எனக்குப் புதுசு இல்லையே.

கடைசியில் வடிவியல் வரைகிற ஒரு புரோகிராமைக் காட்டினார். ஒரு புள்ளியைத் தொட வேண்டும், இன்னொரு புள்ளியைத் தொட வேண்டும். வட்டம் வந்துவிட்டது. தோளைச் சுற்றவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. முனைகளே இல்லை, சேர்வதற்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம். அழுகைதான் வந்தது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். வலது கைக்கு இப்போது மடியில் கிடப்பதுதான் வேலை. அங்கே சமத்தாகத்தான் இருக்கிறது, துரோகி.

ஜூலை 22, திங்கள்

போன வாரம் சின்ன டீச்சர் தன்னுடைய பழைய எழுத்துப்பலகையைக் கொடுத்தார். சிலேட்டு மாதிரிதான் இருக்கிறது, ஒரு பேனாவும் உண்டு. அதன்மேல் எழுதினால் ஸ்மார்ட் போர்டில் விழுகிறது. எதிர்பார்த்த மாதிரியே கோடு நெளிந்து நெளிந்து போனது. உடனே அவர் செட்டிங்கில் எதையோ தட்டினார். "கோட்டைச் சீராக்கு" என்று ஒன்று இருக்கிறது. நாம் எப்படி இழுத்தாலும், பேனாவை எடுத்த மறுகணம் கோடு தானாக நிமிர்ந்து நேராகிவிடுகிறது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு வாரமாக வகுப்பில் இதுதான். பிள்ளைகளுக்குப் படு குஷி. முக்கோணத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினால், மூன்று கோணமும் மாறுகிறது, கூட்டல் மட்டும் மாறவே இல்லை. இதைக் கரும்பலகையில் என்னால் செய்ய முடியாது, அது உண்மை. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த வயசுல இவ்வளவு ஆர்வமா" என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அந்த இடத்தில் விளக்குப் போடுகிறார்கள்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் என்பார். டாக்டர் என்றால் பேர் வைத்துவிடுவார்கள். பேர் வைத்தபின் அது வீட்டில் ஓர் ஆளாகிவிடும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேனா?

நேற்று தொடுகோடு பாடத்தை வீட்டிலேயே எழுதி, வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். முடித்த படத்தை மட்டும் அனுப்ப வேண்டும் என்று சின்ன டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் ஃபைலையே அனுப்பித் தொலைத்திருக்கிறேன். அந்த ஃபைலைத் திறந்தால், நான் எழுதியதெல்லாம் முதலிலிருந்து அப்படியே ஓடுமாம் — யாரோ இப்போதுதான் உட்கார்ந்து எழுதுவது போல. ஒவ்வொரு கோடும்.

காலையில் உள்ளே நுழைந்ததுமே, "டீச்சர், நீங்க எழுதுறது அப்படியே தெரியுது, சூப்பர்" என்று கூச்சல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கும் "ஒரு சந்தேகம் டீச்சர்" என்று எழுந்திருப்பாள். எல்லோரும் அவளைச் சந்தேகம் என்றே கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம் டீச்சர். கோடு முதல்ல நடுங்குது. அப்புறம் நேராகுது. ஏன்?"

வகுப்பு அமைதியானது. அமைதியானதா, எனக்குத்தான் காது அடைத்ததா? நாற்பது முகம் என்னைப் பார்க்கிறது. என் வலது கை பைக்குள் இருக்கிறது, நானே எப்போது உள்ளே விட்டேன் என்று தெரியவில்லை.

"நெட் ஸ்லோ" என்றேன்.

ஓவென்று சிரித்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நெட் ஸ்லோ என்றால் எதுவும் நியாயம். சந்தேகம் மட்டும் உட்கார்ந்தபிறகும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லது நான்தான் அப்படி நினைக்கிறேன்.

ஃபைலை அழித்துவிட்டேன். அவரவர் போனில் இருப்பதை என்ன செய்ய?

ஆகஸ்ட் 2, வெள்ளி

சின்ன டீச்சர் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டீச்சர், அந்த ஃபைல் ஓடுறதுக்கு நெட்டே வேணாம்."

மேஜையில் இருந்த ஒயரை நேராக்கிக்கொண்டிருந்தேன். அவரும் கொஞ்ச நேரம் அந்த ஒயரையே பார்த்தார்.

"என் பலகை பழசு டீச்சர். பேனா சரியா வேலை செய்யறதில்லைன்னு மேடம்கிட்ட நான் சொல்லிடறேன். அதனாலதான் அப்படி விழுந்துச்சுன்னு."

தெரிந்துவிட்டது இவளுக்கு. இல்லை, இரக்கமா? இரக்கம் என்றால் இன்னும் மோசம். "சரிம்மா, சொல்லிடுங்க" என்றேன். மகள் வயதுப் பெண்ணிடம் எனக்காகப் பொய் சொல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, சுற்று வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் பயிற்சி. பெரிய அரங்கம். மேடையில் ஏறிச் செய்து காட்டப்போவது யார் என்று சொல்ல வேண்டுமா?

"உங்களைப் பார்த்துதான் மத்தவங்களுக்குத் தைரியம் வரணும் டீச்சர்" என்கிறார் தலைமையாசிரியை. தைரியத்துக்கு ஆள் பிடித்தார் பாருங்கள்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. "சரிங்க மேடம்" என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நானே என்னை வேவு பார்க்கிறேன்.

காலையில் சோப்பை முகர்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு வாசனை போய்விட்டது என்று அம்மா சொல்வாள். சோப்பு வாசனை வந்தது. வந்ததா, சோப்பு என்று தெரிந்ததால் வந்த மாதிரி இருந்ததா? கண்ணை மூடிக்கொண்டு எடுத்து முகர வேண்டும். ஆனால் குளியலறையில் வேறு என்ன இருக்கிறது, சோப்புதானே.

கூடத்தில் நடந்து பார்த்தேன், அப்பா மாதிரி இல்லாமல் கை வீசுகிறதா என்று. கவனித்தால் கை வீசுவதில்லை, யாருக்குமே வீசாது என்று நினைக்கிறேன். கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்தேன். அதை இவர் பார்த்துவிட்டார். "என்ன, மேடைக்கு ஒத்திகையா?" என்றார். ஆமாம் என்றேன். என்னவோ கேட்க வந்து, கேட்காமல் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மேடையில் எல்லாவற்றையும் இடது கை மவுஸாலேயே செய்து முடிக்கப் பழகிவிட்டேன். பேனாவைத் தொட வேண்டிய இடம் அநேகமாக இல்லை. ஒரே ஒரு இடத்தில் கோடு இழுக்க வேண்டும். அதற்குச் சின்ன டீச்சரின் பழைய பலகை, சீராக்கும் செட்டிங்கோடு. அதுவும் சின்னக் கோடு. பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மழை வந்து ரத்தாகுமா என்று வானத்தைப் பார்த்தேன். துளி மேகம் இல்லை. அரங்கத்துக்குள் நடப்பதற்கு மழை என்ன செய்யும், பைத்தியம்.

ஆகஸ்ட் 24, சனி

சாயங்காலம். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கத் திரை. நான் லேப்டாப் பக்கத்தில் பழைய பலகையை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். என்னைப் பற்றி என்னென்னவோ சொன்னார், பிள்ளைகள் காம்பஸ் டீச்சர் என்று கூப்பிடுவது வரைக்கும். (அவருக்கும் தெரிந்திருக்கிறது.) பிறகு, "இவங்க பேனா சரியில்லாம கஷ்டப்படறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதனால பள்ளிக்கூடம் சார்பா ஒரு சின்னப் பரிசு" என்று பளபளவென்று காகிதம் சுற்றிய ஒரு பெட்டியை நீட்டினார்.

புதுப் பலகை. பெரியது, புதுப் பேனாவோடு. சின்ன டீச்சர் சொன்ன பொய் சுற்றிக்கொண்டு வந்து மேடையில் நிற்கிறது. கீழே முதல் வரிசையில் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. எழுந்து வரப் பார்த்தார். அதற்குள் யாரோ பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார்கள்.

"காம்பஸ் இல்லாம ஒரு வட்டம் போட்டுத் தொடங்கி வைங்க டீச்சர். இவங்க எல்லாம் பார்க்கட்டும்."

செட்டிங் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு தட்டு தட்டினால் போதும். ஆனால் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதுவுமே ஞாபகம் வரவில்லை. பேனாவை என் கையில் வைத்துவிட்டார் தலைமையாசிரியை. வரைந்தேன்.

கடவுளே. சுவர் அகலத்துக்கு விழுந்தது அது. கரும்பலகையில் விரல் அளவு இருந்த நடுக்கம் அங்கே முழ அளவில் இருந்தது. பல் பல்லாக, ரம்பம் மாதிரி. முனையும் சேரவில்லை. பேனாவை எடுத்தேன், எடுத்தபின்னும் அது அப்படியே நின்றது. பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது.

தலைமையாசிரியை சட்டென்று, "பேனா புதுசு இல்லையா, பழகணும்" என்றார் மைக்கில். நல்ல மனதோடுதான் சொன்னார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் தப்பித்து வெளியே போக வேண்டியதுதான். ஆமாங்க மேடம், பேனா புதுசு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக இதைத்தானே செய்கிறேன், வெயில், நெஞ்செரிச்சல், நெட், பழைய பேனா. இன்னொன்றுக்கு என்ன கேடு?

ஆனால் அடுத்த மாதம்? அதற்கடுத்த மாதம்? எத்தனை பேனாவின் மேல் பழி போடுவேன்?

"பேனா நல்லாத்தான் இருக்கு" என்றேன். "என் கைதான் நடுங்குது."

மைக் இருந்ததா, இல்லாமலே கேட்டதா, தெரியவில்லை. எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அதற்குமேல் என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. "கொஞ்ச நாளா கரும்பலகைல எழுத வரல. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் இதைக் கத்துக்கிட்டேன். ஆர்வம் எல்லாம் இல்ல, பயம்" என்றேன். இது ஞாபகம் இருக்கிறது. பிறகு செட்டிங் எங்கே என்று ஞாபகம் வந்துவிட்டது, வேடிக்கையைப் பாருங்கள். "இந்த மூலைல மூணு கோடு போட்டிருக்கும், அதைத் தொடுங்க. கோட்டைச் சீராக்குன்னு வரும்" என்று காட்டினேன். மறுபடி வரைந்தேன். பேனாவை எடுத்ததும் வட்டம் சரியாகிவிட்டது. யாரும் கை தட்டவில்லை. மீதிப் பாடத்தை நடத்தினேன். முக்கோணத்தை இழுத்துக் காட்டினேன். குரல் மட்டும் உடையவில்லை.

முடிந்து இறங்கியபோது வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர், என்னைவிட மூத்தவர், காத்திருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "அந்த செட்டிங் எங்கன்னு சொன்னீங்க? இன்னொரு தடவை காட்டறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். காட்டினேன்.

பஸ்ஸில் வரும்போது முழங்காலும் ஆடியது. ஐயோ, காலுக்கும் வந்துவிட்டதா என்று அங்கேயே பயந்தேன். இனி எல்லோருக்கும் தெரியும். இனி இது இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டில் இவரிடம் சொன்னேன். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று, டீ ஊற்றிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மேடை, வட்டம், அப்பா, எல்லாம்.

அவர் திரும்பவில்லை. வழக்கம்போல் அரை டம்ளர் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நிறைய ஊத்தினா கை மேல கொட்டிக்கறே. அதான் இத்தனை நாளா பாதி ஊத்தறேன்."

கஞ்சம் என்று எழுதியிருந்தேனே இந்த மனுஷனை. எத்தனை மாதமாக. வாய்விட்டு அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முன்னாடியே கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா இல்லைம்பே. லிஃப்ட்ல ஆட்டம் இருந்தா கழட்டிப் பாத்துடுவேன். உன்னை எப்படிக் கழட்டறது? நீயே சொல்வேன்னு இருந்தேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. இதைக் கேட்டபிறகு ஏனோ டாக்டரிடம் போகலாம் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 26, திங்கள்

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். சால்வைதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ரொம்ப நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டினார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் பாட்டுக்கு மேடையில ஏத்தி விட்டுட்டேன்" என்றார். அவருக்குத்தான் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்புறம், கேட்டுத்தானே ஆக வேண்டும், கேட்டார். "வகுப்பு எடுக்க முடியுமா?"

"வாய் நடுங்கல மேடம்."

சிரித்துவிட்டார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

நரம்பு டாக்டர். பெண்தான். வெளியே உட்கார்ந்திருந்தபோது எதிரே ஒருவர், அப்பா மாதிரியே முகம், அப்பா மாதிரியே தொடைமேல் விரல் உருண்டுகொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. இவர் என் பையைத் தன் மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் கையை மடியில் வைக்கச் சொன்னார். "நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கிட்டே வாங்க."

இதுகூடவா வராமல் போய்விடும். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று தொடங்கி, மூச்சு விடாமல் இரண்டு வரைக்கும் போனேன். "மைனஸ்ல போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் கண் முழுக்க என் மடியிலேயே இருந்தது. பிறகு கையை நீட்டச் சொன்னார், ஆடியது. தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார், சிந்தியது. சுருள் வரையச் சொன்னார். அந்தச் சுருளைப் பற்றி எழுத வேண்டாம். நடக்க விட்டார், மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"உங்க அப்பாவுக்குக் கை எப்ப ஆடும்? சும்மா இருக்கும்போதா, எதையாவது எடுக்கும்போதா?"

"சும்மா இருக்கும்போது. டம்ளரைக் கொடுத்தா நின்னு போயிடும்."

"உங்களுக்கு?"

என் மடியைப் பார்த்தேன். எனக்கு எடுத்தால்தான் ஆடும். மடியில் கிடந்தால் சமத்து.

வருஷக்கணக்காகக் கரும்பலகையில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதி அடிக்கோடு போடுகிறவள் நான். அதைப் படிக்காமல் விடையை எழுதுகிற பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பவள். எனக்குக் கொடுக்கப்பட்டதெல்லாம் கண்ணெதிரே இருந்தது. நான் முதல் நாளே விடையை எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி சோப்பை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு வந்த மாதிரி இப்போதைக்குத் தெரியல. இது வேற வகை நடுக்கம். மாத்திரை தர்றேன், குறையும், முழுசாப் போகாதுன்னு நினைக்கிறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார். நான் "இப்போதைக்குன்னா?" என்றேன். "இப்போதைக்குன்னா இப்போதைக்கு" என்றார்.

வெளியே வந்ததும் இவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன், ஆடுகிற கையால்.

செப்டம்பர் 20, வெள்ளி

மாத்திரை கொஞ்சம் தூக்கம் வர வைக்கிறது. நடுக்கம் பாதியாகியிருக்கிறது என்று ஒரு நாள் தோன்றுகிறது, இல்லை என்று மறுநாள் தோன்றுகிறது. ஆறு மாதத்தை நினைத்தால் நெஞ்சு திக்கென்கிறது. தலைமையாசிரியை டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, வகுப்புக்கு நேரமாச்சு பாருங்க" என்று சொன்னதோடு சரி. சோப்பை இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் முகர்கிறேன்.

இன்று கரண்ட் இல்லை. ஸ்மார்ட் போர்டு கறுப்பாக நின்றது. ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கரும்பலகையைப் பிள்ளைகளே இழுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து "டீச்சர், வட்டம்" என்று ஒரு குரல். எல்லோருக்கும் எல்லாம் தெரியும், மேடையில் நடந்தது ஊர் முழுக்கப் போய்விட்டது. சாக்பீஸை எடுத்தேன். தோளைச் சுற்றினேன். நெளிந்து நெளிந்து போய், முனை விரல் அகலத்துக்கு விலகி நின்றது.

சந்தேகம் எழுந்தாள். "ஒரு சந்தேகம் டீச்சர். சேரலையே."

"நெட் ஸ்லோ" என்றேன்.

அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் வகுப்பே சிரித்தது. அந்த வட்டத்தைத் துடைக்காமல் அதிலேயே தொடுகோடு போட்டுப் பாடம் நடத்தினேன்.

இடைவேளையில் டீ அக்கா வழக்கம்போல் என் மேஜையைத் தாண்டிப் போனார். கூப்பிட்டேன்.

"நெஞ்செரிச்சல் போயிடுச்சா டீச்சர்?"

"அது வரவே இல்லக்கா. அரை டம்ளர் ஊத்துங்க."

கெட்டிலைச் சாய்த்தவர் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அறிவியல் டீச்சர் விடைத்தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலது கையால்தான் எடுத்தேன். டம்ளர் ஆடியது. சிந்தவில்லை.

குடித்து முடித்துவிட்டு இன்னொரு அரை டம்ளர் கேட்டேன்.